இங்கிலாந்தின் பொது நடைவழிகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் வயல், தோப்பு, ஆற்றங்கரை, மாளிகைப் பூங்கா ஆகியவற்றின் ஊடாகச் செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவை தனியார் நிலத்தில் கிடப்பவை. நிலம் ஒருவருடையது, அதில் நடந்துபோகும் உரிமை எல்லாருடையது. அவ்வுரிமை சட்டத்தால் காக்கப்பட்ட பாதையே பொது நடைவழி. குதிரை செல்லும் வழிகள் முதலியவற்றையும் சேர்த்தால் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் இத்தகைய வழிகளின் நீளம் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளையும் நாயையும் கூட்டிக்கொண்டு கோதுமை வயலின் குறுக்கே நடந்துபோனால், நிலக்காரர் அவர்களைத் தடுக்க முடியாது. இந்தச் சின்ன இன்பம் நிலைபெற வழக்குகளும் சிறைவாசமும் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட பிடிவாதமும் தேவைப்பட்டன.

இவ்வழிகளை யாரும் திட்டம் போட்டு அமைக்கவில்லை. குதிரை இல்லாதவர்கள் தேவாலயத்துக்கும், மாவரைக்க நீராலைக்கும், சந்தைக்கும், கூலிவேலைக்கும் போய்வந்த கால்தடங்களே இவை. சொந்த இடுகாடு இல்லாத மலையோரச் சிற்றூர்கள் இறந்தவரைச் சுமந்துகொண்டு தாய்த் தேவாலயம் வரை நடந்த வழிகள் சில இன்றும் உள்ளன. நெடுநாள் மக்கள் நடந்ததாலேயே இவை பொதுவழி ஆயின. அப்படி ஆன வழி, முறைப்படி மூடப்படும் வரை பொதுவழியே. பல காலம் யாரும் நடக்காமல் விட்டாலும் உரிமை அழியாது என்பது ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் நிலைப்பாடு. பிற்கால வழக்குகள் பலவற்றுக்கு இந்த ஒரு விதியே முதுகெலும்பு.

மகிழ்ச்சிக்காக நடப்பது என்ற வழக்கம் பிறகு வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் தம் மாளிகைகளைச் சுற்றிப் புல்வெளியும் ஏரியும் மரத்தொகுதிகளுமாகப் பரந்த பூங்காக்களை உருவாக்கினர். அந்த அழகுக்கு விலை கொடுத்தவர்கள் பக்கத்துக் குடியானவர்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் ஆற்றை ஒட்டிய நியூனம் கோர்ட்னியில், முதலாம் ஹார்கோர்ட் பிரபு தம் பூங்காவுக்காக ஓர் ஊரையே பெயர்த்துச் சாலையோரம் குடியமர்த்தினார். நடப்பவரைப் பற்றிய மதிப்பும் அக்காலத்தில் தாழ்ந்தே இருந்தது. 1782-இல் ஜெர்மானிய எழுத்தாளர் கார்ல் ஃபிலிப் மோரிட்ஸ் ரிச்மண்டிலிருந்து விண்ட்சர், ஆக்ஸ்ஃபோர்டு வழியாக நடந்தே பயணம் செய்தார். வண்டியில் வராதவன் ஏழையாகவோ நாடோடியாகவோதான் இருப்பான் என்று விடுதிக்காரர்கள் அவரை அலட்சியப்படுத்தினர். சிலர் தங்க இடம் தரவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டாரத்தியும் கிராஸ்மியரின் ஏரிக்கரைகளிலும் காடுகளிலும் நாள்தோறும் நடந்து, நடப்பதைப் பண்பட்ட மனிதரின் செயலாக மாற்றினர். 1800 முதல் 1803 வரை டாரத்தி எழுதிய நாட்குறிப்பு, இலக்கிய நோக்கமே இல்லாமல், அந்நடைகளின் மிகத் துல்லியமான பதிவாக நிற்கிறது.

பூங்காவுக்குள் நடக்கும் உரிமையின் வரலாற்றில் ஜான் லூயிஸுக்குத் தனி இடம் உண்டு. லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள ரிச்மண்ட் பூங்காவை 1637-இல் முதலாம் சார்ல்ஸ் மன்னர் மான்வேட்டைக்காகச் சுவரெழுப்பி அடைத்தார். ஏறத்தாழ 955 ஹெக்டேர் நிலம். அதில் ஊர்ப் பொதுநிலமும் தனியார் வயலும் இருந்தன. எதிர்ப்பு வலுக்கவே, ஊரார் உள்ளே நடந்துபோக வழி விடப்பட்டது. சுவரின் மேல் ஏறி இறங்க ஏணிப்படிகளும் இருந்தன. 1751-இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மகள் அமீலியா பூங்காவின் காப்பாளர் ஆனார். தம் நண்பர்களுக்கும் அனுமதிச் சீட்டு உள்ளவர்களுக்கும் தவிர மற்றவர்களுக்கு வாயில்களை மூடிவிட்டார். ரிச்மண்டில் பீர் ஆலை நடத்திவந்த லூயிஸ் 1755-இல் ஷீன் வாயிலில் நுழைய முயன்றார். வாயில் காப்பவர் தடுத்தார். லூயிஸ் வழக்குத் தொடுத்தார்.

1758-இல் நீதிபதி மைக்கேல் ஃபாஸ்டர் முன் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. சுவரில் கதவு வேண்டுமா, ஏணிப்படி வேண்டுமா என்று அவரிடமே கேட்கப்பட்டது. கதவு என்றால் பூட்டு இருக்கும், பூட்டினால் உரிமை பறிபோகும் என்று கணித்த லூயிஸ் ஏணிப்படியைத் தேர்ந்தார். இந்த வரலாறு முழுவதிலும் இதைவிடக் கூர்மையான முடிவு இன்னொன்று இல்லை. பிறகு, படிகளுக்கு இடையே வேண்டுமென்றே அதிக இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று அவர் மறுபடி முறையிட்டார். குழந்தைகளும் முதியவர்களும் ஏறும்படி திருத்தி அமைக்க நீதிபதி உத்தரவிட்டார். மூன்று ஆண்டுகளில் அமீலியா பொறுப்பை விட்டு விலகினார். முதுமையில் வறுமைப்பட்ட லூயிஸை ஊரார் பணம் திரட்டி ஆதரித்தனர். இன்று அப்பூங்காவின் கருவாலி மரங்களுக்கு அடியில், மான்களுக்கு இடையே நடக்கும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவரே.

ஆனால் வயற்புறத்தில் காற்று எதிராக வீசிக்கொண்டிருந்தது. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் இயற்றிய 5,200-க்கும் மேற்பட்ட நிலஅடைப்புச் சட்டங்கள் 68 லட்சம் ஏக்கரை, அதாவது இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை, பொது அனுபவத்திலிருந்து தனியார் கைக்கு மாற்றின. திறந்த வயல்களில் உயிர்வேலிகள் முளைத்தன. ஆடுமாடு மேய்த்த பொதுவெளிகள் மறைந்தன. ஹெல்ப்ஸ்டன் ஊரின் உழவர்குடிக் கவிஞர் ஜான் கிளேர் தாம் சிறுவயதில் திரிந்த வழிகள் அடைபட்டதைக் கண்ணெதிரே பார்த்து, அந்த வலியையே பாடுபொருளாக்கினார். 1815-இல் வந்த ஒரு சட்டம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. தேவையற்றது என்று இரண்டு நீதிவான்கள் கருதினால் ஒரு நடைவழியை மூடிவிடலாம். நீதிவான்களோ பெரும்பாலும் நிலக்காரர்கள். ஒருவருக்காக மற்றவர் கையெழுத்திட்டனர்.

எதிர்ப்பு நகரங்களிலிருந்து கிளம்பியது. 1824-இல் யார்க்கிலும் 1826-இல் மான்செஸ்டரிலும் பழைய நடைவழிகளைக் காக்கச் சங்கங்கள் தோன்றின. பஞ்சாலைப் புகையில் வாரம் முழுதும் உழைத்தவர்களுக்கு ஊருக்கு வெளியே செல்லும் வயல்வழியே கிடைத்த ஒரே நல்ல காற்று. 1865-இல் ஜார்ஜ் ஷா-லெஃபெவர் பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் உழைத்த ஆக்டேவியா ஹில், வழக்கறிஞர் ராபர்ட் ஹண்டர் இருவரும் 1895-இல் இயற்கை, வரலாற்று இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் நிறுவனர்களில் இடம்பெற்றனர்.

பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தின் பெரிய வெற்றி லண்டனுக்கு வடகிழக்கே உள்ள எப்பிங் காடு. அங்கே லௌட்டன் ஊரார் குளிர்காலத்தில் மரக்கிளைகளை வெட்டி விறகெடுக்கும் தொன்மையான உரிமை பெற்றிருந்தனர். காட்டை நிலக்கிழார் அடைத்த பின்னும் தாமஸ் வில்லிங்கேல் என்ற முதியவர் வழக்கம்போல் கோடரியோடு போனார். அவர் குடும்பத்தார் சிறைக்குப் போனார்கள். வழக்கைச் சங்கம் கையிலெடுத்தது. பின்னர் லண்டன் மாநகராட்சியே களத்தில் இறங்கி 1874-இல் வென்றது. 1878-ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ 2,400 ஹெக்டேர் காட்டை மக்களுக்கு உரியதாக்கியது. 1882-இல் விக்டோரியா அரசியார் நேரில் வந்து அதை அறிவித்தார். கிளைவெட்டும் உரிமைக்கு ஈடாகக் கிடைத்த பணத்தில் லௌட்டன் மக்கள் கட்டிக்கொண்ட மண்டபம் இன்றும் இருக்கிறது.

20-ஆம் நூற்றாண்டுப் போராட்டத்தில் பலரும் அறிந்தது, 1932 ஏப்ரல் 24-இல் பென்னி ரோத்மன் தலைமையில் நூற்றுக்கணக்கானோர் கிண்டர் ஸ்கௌட் மலைமேட்டில் தடைமீறி ஏறியது. ஐவர் சிறை சென்றனர். அது மேட்டுநிலங்களுக்கான போராட்டம். தாழ்நிலத்து வயல்வழிகளுக்கு அதே ஆண்டு நிறைவேறிய வழியுரிமைச் சட்டமே முக்கியம். 20 ஆண்டு தடையின்றி, ஒளிவுமறைவின்றி மக்கள் நடந்திருந்தால், நிலக்காரர் அவ்வழியைப் பொதுவுக்கு விட்டதாகவே கொள்ளலாம் என்றது அது. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் தேசியப் பூங்காக்களுக்கு வழிகோலியதோடு, ஒவ்வொரு வழியையும் அளந்து சட்ட வலிமையுள்ள வரைபடத்தில் பதியுமாறு மாவட்ட நிர்வாகங்களைப் பணித்தது. ஊர்மன்றத்தார் தாமே நடந்து பட்டியல் தந்தனர். ஆர்வமுள்ள ஊரில் வழிகள் அடர்ந்து பதிந்தன. அக்கறையற்ற ஊரில் விடுபட்டன. இன்றைய வரைபடத்தில் ஓர் ஊரெங்கும் வழிகள் பின்னிக் கிடக்க அடுத்த ஊர் வெறுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று மஞ்சள் அம்பு நடைவழியைக் காட்டும். நீல அம்பு குதிரைவழியை. தார்ச்சாலையை விட்டு வழி பிரியும் இடத்தில் கைகாட்டி நடுவது 1968 முதல் நிர்வாகத்தின் கடமை. வயலின் குறுக்கே போகும் வழியை உழவர் உழலாம். ஆனால் விதைப்புக்காக உழுதால் 14 நாளில் ஒரு மீட்டர் அகலத்துக்காவது நடக்கத் தக்கதாக்கித் தரவேண்டும். வேலி கடக்கும் படியும் சிறு வாயிலும் நிலக்காரர் பொறுப்பு. பால்மாட்டு இனக் காளை பத்து மாதத்தைக் கடந்தால், நடைவழி உள்ள வயலில் அதை அவிழ்த்துவிடக் கூடாது. உழவரின் பிழைப்பையும் நடப்பவரின் உரிமையையும் இவ்வளவு நுணுக்கமாக எடைபோட்ட சட்டம் பாராட்டுக்கு உரியது.

ஆற்றோர வழிகளின் கதை சற்று வேறு. தேம்ஸ் கரைப்பாதை, படகுகளைக் கயிறு கட்டி இழுத்த குதிரைகளுக்காக உருவானது. கரை மாறும் இடத்தில் குதிரையை ஓடத்தில் ஏற்றி அக்கரை சேர்த்தனர். சரக்குப் படகும் ஓடமும் மறைந்தபின் பாதை துண்டுதுண்டாயிற்று. ஹர்லிக்கு அருகே டெம்பிள் என்ற இடத்தில் 1989-இல் நடைபாலம் கட்டி ஒரு துண்டை இணைத்தார்கள். லெச்லேடுக்கு அருகே 2000-இல் இன்னொன்று. கெம்பிள் ஊரருகே உள்ள ஊற்றிலிருந்து லண்டன் வெள்ளத்தடுப்பு அணை வரை, 294 கிலோமீட்டர் நீளத் தேம்ஸ் பாதை 1996-இல் திறக்கப்பட்டது. அதன் வழியில் ரிச்மண்ட் குன்றிலிருந்து தெரியும் ஆற்றின் வளைவும் புல்வெளியும் 1902-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் காக்கப்பட்டவை. ஒரு காட்சியைக் காக்கச் சட்டம் இயற்றியது அந்நாளில் மிக அரிய செயல்.

2000-ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேட்டுநிலம், பதிவான பொதுநிலம் முதலியவற்றில் பாதையை விட்டு விலகியும் உலவ இடம் தந்தது. அது இங்கிலாந்தின் பரப்பில் ஏறத்தாழ 8 விழுக்காடு. தாழ்நிலக் காடுகளிலும் ஆற்றங்கரைகளிலும் பெரும்பகுதி அதில் சேரவில்லை. ஸ்காட்லாந்தோ 2003-இல் பொறுப்போடு நடப்பவருக்கு ஏறக்குறைய எல்லா நிலத்தையும் திறந்தது. ஆகவே இங்கிலாந்தில் அமைதியான ஒரு மாலைநடைக்குப் பழைய நடைவழியே இன்னும் ஆதாரம்.

அதே 2000-ஆம் ஆண்டுச் சட்டம், வரைபடத்தில் ஏறாத பழைய வழிகளைப் பதிய 2026-ஐக் கெடுவாக வைத்தது. நடைப்பயணிகளின் அமைப்பான ராம்ப்ளர்ஸ் சங்கத் தொண்டர்கள் பழைய, புதிய வரைபடங்களை ஒப்பிட்டு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விடுபட்டிருக்கக்கூடிய ஏறத்தாழ 49,000 மைல் வழிகளை 2020-இல் அடையாளம் கண்டனர். கெடு 2031-க்குத் தள்ளிப்போனது. 2024 டிசம்பரில் அதை நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. ஒவ்வொரு வழிக்கும் சான்று தேடி மாவட்ட ஆவணக் காப்பகங்களில் தொண்டர்கள் உழைத்துவருகிறார்கள். நிலஅடைப்புத் தீர்வுப் பத்திரங்களே அவர்களுக்குக் கிடைக்கும் வலுவான சான்றுகளில் ஒன்று. எந்த வழி பொதுவழி என்று, நிலஅடைப்பை நடத்திய அன்றைய ஆணையர்கள் அவற்றில் குறித்து வைத்தனர். 1801-ஆம் ஆண்டு நிலஅடைப்புச் சட்டத்தின்கீழ் புதிய பொதுவழியை உருவாக்கவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது.