என்புத் திசுப் பரிசோதனை, ஸ்கேன் வழிகாட்டலில்

பெரிதாக அறுக்காமல், சி.டி. ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி ஊசி செலுத்தி எலும்பின் சிறு துண்டை எடுக்கும் முறை. ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் பெண்ணின் முதுகுவலியைக் கூடையின் வலி என்றே எண்ணிவிடுகிறோம். முள்ளந்தண்டில் காசநோயோ, பரவிய புற்றுநோயோ இருந்தாலும் தொடக்கத்தில் அதே வலிதான். ஸ்கேனிலும் இரண்டும் ஒன்றுபோலத் தெரியக்கூடும்; சிகிச்சையோ முற்றிலும் வேறு. அதனால்தான் ஊசி தேவைப்படுகிறது.

நோயாளி குப்புறப் படுத்திருக்க, தோலையும் எலும்பைப் போர்த்திய சவ்வையும் விறைக்கச் செய்கிறார்கள். கூர்மையான வலி அந்தச் சவ்வில்தான். அதைத் தாண்டினால் பெரும்பாலும் அழுத்தமே தெரியும். ஊசியைச் சிறிது நகர்த்துவார்கள், மறுபடி படம் எடுப்பார்கள், மறுபடி நகர்த்துவார்கள். கிடைப்பது தீக்குச்சிப் பருமனில் ஒரு துண்டு. ஒரு பகுதி ஃபோர்மலினில் நுண்காட்டிக்குப் போகும். இன்னொன்று கிருமி வளர்ப்புக்கு. முழுவதையும் ஃபோர்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று வளர்த்துப் பார்க்க முடியாது.

பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போகுமே என்று தள்ளிப்போடக் கூடாது. புற்றுநோய் என்றால் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ போக நேரிடும். குருதி உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைப் பரிசோதனைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.