எறிந்த நூலும் கட்டிய கயிறும்

ஒன்றரை வயதுக் குழந்தை. கையில் நூல் சுற்றிய மரக்கட்டை. நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு, திரை போட்ட தன் தொட்டிலுக்குள் கட்டையை வீசுகிறான். அது மறைந்ததும் ‘ஓ...’ என்று இழுக்கிறான். ‘போச்சு’ என்பதற்கான ஜெர்மன் சொல்லைத்தான் அப்படிச் சொல்கிறான் என்று வீட்டார் புரிந்துகொள்கிறார்கள். பிறகு நூலை இழுக்கிறான். கட்டை வெளியே வந்ததும் ‘இதோ!’ என்று குதூகலம். பார்த்துக்கொண்டிருந்தவர் அவனுடைய தாத்தா சிக்மண்ட் ஃப்ராய்ட். 1920இல் வெளிவந்த ‘இன்பக் கோட்பாட்டுக்கு அப்பால்’ நூலில் இதைப் பதிவு செய்தார்.

இன்னொரு பையனுக்கு ஏழு வயது. லண்டனில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட்டிடம் அவனைப் பெற்றோர் அழைத்து வந்தார்கள். வீட்டில் மேசையும் நாற்காலியும் கயிற்றால் பிணைந்து கிடக்கும். திண்டு ஒன்று கணப்படுப்போடு கட்டப்பட்டிருக்கும். ஒருமுறை தங்கையின் கழுத்திலும் கயிற்றைச் சுற்றிவிட்டான்.

இரு கதைகளிலும் அம்மா விட்டுப் போகிறாள். ஃப்ராய்டின் மகள் சில மணிநேரம் வெளியே போய்வருவாள், குழந்தை அழுவதில்லை. மற்ற தாய்க்கு மனச்சோர்வு. பிரசவத்துக்கும் சிகிச்சைக்கும் என்று மகனைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்தவள். கயிறு வேறு, காரணம் ஒன்று. ஆனால் விளையாட்டு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஃப்ராய்டும் வின்னிகாட்டும் சொன்ன விடைகள் வேறு.

ஃப்ராய்டுக்கு விளையாட்டு, இழப்பை ஆளும் வழி. அம்மா போவதைத் தடுக்கக் குழந்தையால் முடியாது. கட்டையைத் தானே போகவைக்க முடியும். பட்டவன் செய்பவனாகிறான். மீட்டெடுக்கும் பகுதியைவிட வீசியெறியும் பகுதியையே குழந்தை அதிகம் ஆடியது என்பதையும் ஃப்ராய்ட் கவனித்தார்.

இதற்கு முன்பே, 1907 டிசம்பரில் வியன்னாவில் ஆற்றிய உரையில், விளையாட்டிலிருந்து இலக்கியத்துக்கு ஒரு நேர்கோடு போட்டிருந்தார். குழந்தை தனக்கென ஓர் உலகைக் கட்டி, அதில் முழு ஈடுபாட்டோடு இருக்கிறது, படைப்பாளியும் அப்படியே. வளர்ந்தவர்கள் விளையாட்டை விட்டுவிட்டுப் பகற்கனவு காண்கிறார்கள், வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். அந்தக் கனவுக்கு மாறுவேடம் போட்டு, வடிவ அழகைக் கூட்டி, நாமும் கூச்சமின்றி ரசிக்கும்படி தருபவரே எழுத்தாளர். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நிறைவேறாத ஆசை. இந்த உறவுக்கு ஜெர்மன் மொழியிலேயே அவர் சான்று காட்டினார்: நாடகத்தையும் விளையாட்டையும் அங்கே ஒரே வேர்ச்சொல் குறிக்கிறது. தமிழிலும் சீட்டாட்டமும் ஆட்டம், கரகாட்டமும் ஆட்டம்.

வின்னிகாட் இந்தக் கோட்டை நடுவில் அறுக்கிறார். பகற்கனவு விளையாட்டின் வாரிசு அல்ல, எதிரி. அவர் இறந்த 1971இல் வெளிவந்த ‘விளையாட்டும் யதார்த்தமும்’ நூலில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறார். அந்தப் பெண் தன் அறையில் சும்மா உட்கார்ந்திருப்பார். மனத்துக்குள் ஓவியம் தீட்டி முடித்திருப்பார். வெளியே ஒரு கோடுகூட விழுந்திருக்காது. அந்தக் கற்பனை உயிரை உறிஞ்சுகிறதே ஒழிய, வாழ்க்கைக்கு எதையும் தருவதில்லை.

வின்னிகாட்டுக்கு விளையாட்டு மனத்துக்குள்ளும் இல்லை, வெளியுலகிலும் இல்லை. குழந்தைக்கும் தாய்க்கும் நடுவே நம்பிக்கை திறந்துவிடும் வெளியில் இருக்கிறது. பழைய துணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கும் குழந்தையிடம், ‘இது நீயாக உண்டாக்கியதா, கிடைத்ததா?’ என்று நாம் கேட்பதில்லை. கேட்காமல் விடுகிறோமே, அந்தப் பெருந்தன்மையில்தான் பண்பாடு முளைக்கிறது என்றார். சிகிச்சையிலும் இதையே செய்தார். தாளில் அவர் ஒரு கிறுக்கல் போடுவார், குழந்தை அதை ஏதோ உருவமாக்கும். அடுத்தது குழந்தையின் கிறுக்கல், அவருடைய உருவம். ஏழு வயதுப் பையனோடும் இதை ஆடினார். சாட்டை, சுருக்குக்கயிறு, முடிச்சு என்று வந்ததெல்லாம் கயிறு.

இருவரையும் எடை போட்டால், கலைப்படைப்பு ஏன் பிறரை ஈர்க்கிறது என்பதை ஃப்ராய்ட் கூர்மையாகச் சொல்கிறார். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட சான்று, நாயகனுக்கு எதுவும் ஆகாது என்று நாம் நிம்மதியாகப் படிக்கும் வெகுசனக் கதை. பெரும் படைப்புகளை அவரே தள்ளிவைத்தார். வின்னிகாட்டுக்குப் படைப்பூக்கம் என்பது உயிரோடிருப்பதன் சுவை. சமையல் குறிப்பைப் பாராமல் தாளிப்பவருக்கும் அது உண்டு. ஆனால் எல்லோருக்கும் உரியது என்று சொன்ன வேகத்தில், ஒரு நல்ல கவிதையை நல்ல கவிதையாக்குவது எது என்ற கேள்வியை அவர் கைவிட்டுவிடுகிறார்.

கயிற்றுப் பையன் வின்னிகாட்டின் கோட்பாட்டையே சோதித்தான். கயிறு பேச்சுக்கு ஈடான இணைப்பாக இருந்தவரை விளையாட்டு. பிரிவே இல்லை என்று சாதிக்கும் பொருளானதும் நோய். பிரிவைப் பற்றி மகனிடம் பேசும்படி தாயிடம் சொன்னார். பலன் தெரிந்தது, ஆனால் நிலைக்கவில்லை. பத்தாண்டு கழித்து, அவனைக் குணப்படுத்த முடியவில்லை என்று ஒரு குறிப்பையும் சேர்த்தார்.

அந்தத் தோல்வியில்தான் இருவரும் சந்திக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஃப்ராய்டின் பேரன் இழப்பை ஒப்புக்கொண்டுதான் கட்டையை எறிந்தான். திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருந்ததால் எறிய முடிந்தது. முன்னது ஃப்ராய்ட் சொன்னது, பின்னது வின்னிகாட் சொன்னது. பேரன் பிடித்திருந்தது ஒரு நுனியை மட்டும். கயிற்றுப் பையன் இரண்டு நுனிகளையும் முடிந்துவிட்டான். முடிச்சு இறுகியபின் ஆட்டம் ஏது?