நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும் சமயம்: சென்னைக் கத்தோலிக்கக் கல்லூரிகளும் மாணவர் பன்மையும்

கத்தோலிக்கத் துறவு சபை ஒன்று நடத்தும் கல்லூரியில் பிற சமய மாணவர்கள் பெருமளவில் படிக்கும்போது, அக்கல்லூரியின் சமயச் சார்பு யாரைக் கட்டுப்படுத்த வேண்டும்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னையில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. ஆனால் இயேசு சபையினர் 1925இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய இலயோலா கல்லூரியும், மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் 1947 ஆகஸ்ட் 15 அன்று மயிலாப்பூர்ப் பகுதியில் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியும் இந்நகரின் எல்லாச் சமயத்தாரும் நாடும் இடங்களாக வளர்ந்தன. சமயத் தாக்கமும் மாணவர் பன்மையும் ஒன்றையொன்று குறைக்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. சமயம் மாணவரின் நம்பிக்கையைத் தொடாமல் நிர்வாகத்தின் கடமைகளை வரையறுக்குமானால் இரண்டும் சேர்ந்தே வளரும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்குக் கணிதத் துறையில் நல்ல சான்று உண்டு. பிரெஞ்சு இயேசு சபைத் துறவியான சார்ல் ரசீன் பாரிசில் எலி கார்த்தான் போன்றோரிடம் பயின்றவர். 1937இல் திருச்சி புனித வளனார் கல்லூரிக்கு வந்து, 1939இல் இலயோலாவுக்கு மாறினார். தேர்வுக்கான பாடத்திட்டத்தோடு நின்றுவிடாமல் அன்றைய ஐரோப்பியக் கணித நூல்களை மாணவர் கையில் கொடுத்துப் படிக்கத் தூண்டினார். எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் அவரிடம் படித்து, 1953இல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்றனர். 1965இல் அவர்கள் நிறுவிய தேற்றம் இன்றும் இருவர் பெயராலும் வழங்குகிறது. சி. பி. இராமானுஜமும் இலயோலா வகுப்பறையிலிருந்து வந்தவரே. இவர்களில் எவரும் கத்தோலிக்கர் அல்லர். ரசீனின் துறவு அவருடைய வாழ்நாளை மாணவர்களுக்கு உரியதாக்கியது. கைம்மாறாக அவர்களிடம் நம்பிக்கை மாற்றத்தை அது கோரவில்லை.

நிர்வாகத்தைக் கட்டுப்படுத்துவதற்கும் மாணவரின் நம்பிக்கையைத் தொடுவதற்கும் உள்ள இவ்வேறுபாட்டைச் சட்டமும் ஏற்கிறது. அரசமைப்பின் 30(1) ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையைத் தருகிறது. 28(3), அரசு ஏற்பு அல்லது உதவி பெற்ற நிறுவனத்தில் எவரையும் அவர் இசைவின்றிச் சமயப் போதனைக்கு உட்படுத்தக்கூடாது என்கிறது. கத்தோலிக்க மாணவர்க்கு மறைக்கல்வி, மற்றவர்க்கு நன்னெறி வகுப்பு என்று தமிழகக் கத்தோலிக்க நிறுவனங்களில் பரவலாக உள்ள ஏற்பாடு இந்த விதியோடு பொருந்துவதே. மணி அடித்ததும் ஒரே வகுப்பு இரண்டாகப் பிரிந்து வேறு வேறு அறைகளுக்குப் போகிறது. மனச்சான்று காக்கப்படுகிறது, ஆனால் சமயத்தைப் பற்றிப் பேசக் கிடைத்த ஒரு மணி நேரத்திலேயே மாணவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் போகிறார்கள். இதைத் தவிர்க்க, கபாலீசுவரர் கோயிலும் சாந்தோம் பேராலயமும் இராமகிருஷ்ண மடமும் அருகருகே இருக்கும் மயிலாப்பூரை முன்வைத்து ஒரு பொதுத் தாள் நடத்தலாம். கபாலீசுவரரின் பழைய கோயில் கடற்கரையில் இருந்தது, போர்ச்சுக்கீசியர் காலத்தில் இடம் மாறியது என்னும் மரபுச் செய்தியையும் அதில் தயங்காமல் விவாதிக்க வேண்டும்.

அரசு உதவியில் நடக்கும் கல்லூரி தன் சமயத்தாருக்கு இடம் ஒதுக்குவது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. புனித ஸ்டீபன் கல்லூரி வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முன்னுரிமைக்கு 50 விழுக்காடு வரம்பு வைத்தது, டி. எம். ஏ. பாய் வழக்கில் 2002இல் அந்த அளவை இடத்துக்கும் தேவைக்கும் ஏற்ப அரசே முடிவு செய்யலாம் என்றது. அளவைவிட, அந்த இடங்கள் யாருக்குப் போகின்றன என்பதே எனக்கு முதன்மையான கேள்வி. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோரோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. இவர்களுக்கும் கடற்கரை மீனவக் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் சிறுபான்மை ஒதுக்கீடு சென்றால் அது பன்மையைப் பெருக்கும். வசதியுள்ள நகரப் பங்குகளின் பிள்ளைகளோடு முடிந்துவிட்டால் அந்த ஒதுக்கீட்டை நியாயப்படுத்த முடியாது. பிற சமய ஏழை மாணவர் விஷயத்திலும் இதே அளவுகோல் பொருந்தும். 15(5) ஆவது பிரிவு சிறுபான்மை நிறுவனங்களுக்கு இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்களிக்கிறது. ஆனால் இயேசு சபையின் 32ஆம் பொதுப் பேரவை, 1975இல், விசுவாசப் பணியிலிருந்து நீதிக்கான உழைப்பைப் பிரிக்க முடியாது என்று அறிவித்தது. சட்டம் கேட்காததைச் சமயம் கேட்கிறது. விலக்கைக் கேடயமாகப் பிடிக்கும் நிர்வாகம் தன் நம்பிக்கைக்கே முரணாகிறது.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு மறுப்பு வரும்: இப்படிப் போனால் கல்லூரியின் கத்தோலிக்க அடையாளம் கரைந்துவிடாதா? இரண்டாம் ஜான் பால் 1990இல் வெளியிட்ட கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான சாசனம், கத்தோலிக்கர் அல்லாத ஆசிரியர் பெரும்பான்மையாகிவிடக்கூடாது என்கிறது. அதே சாசனம் ஒவ்வொருவரின் மனச்சான்று உரிமையும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்றும் விதிக்கிறது. அடையாளத்தைத் தலை எண்ணிக்கையில் மட்டும் தேடினால், கத்தோலிக்கர் மிகச் சிறுபான்மையாக வாழும் சென்னையில் அது என்றும் அச்சத்திலேயே இருக்கும். ரசீனின் வகுப்பில் அந்த அச்சம் தேவைப்படவில்லை. அவர் எதற்காக அங்கிருந்தார் என்பதே கல்லூரியின் அடையாளத்தைச் சொன்னது. ஆகவே ஒரு கத்தோலிக்கக் கல்லூரியை மதிப்பிடுவோர் அதன் சேர்க்கைப் பட்டியலில் கடைசி இடங்கள் யாருக்குக் கிடைத்தன, கட்டணம் கட்ட முடியாதவர் படிப்பை முடித்தாரா, மாற்றுச் சமயத்தவர் தயக்கமின்றிக் கேள்வி கேட்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றுக்கும் நிர்வாகம் தன் சமயத்தின் பெயராலேயே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.