பீரோவுக்குள் ஒரு மைசூர் பட்டு

மைசூர் பட்டுப் புடவை ஒன்றின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால், அதன் பெரும்பகுதி இருட்டில்தான் கழிகிறது. முகூர்த்தத்துக்கு ஒரு காலை, நவராத்திரியில் ஒரு மாலை, சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்கு அரை நாள். இவ்வளவு கட்டினாலே அது நிறையக் கட்டின புடவை. மற்ற நாளெல்லாம் பீரோ. அந்தப் பட்டுக்கு ஆபத்து அதிகம் இருக்கிற இடமும் அதுதான். எங்கள் ஊர் வீடுகளில் நான் பார்த்தவரை, கட்டிக் கிழிந்த பட்டைவிட மடித்து வைத்தே இற்றுப்போன பட்டு நிறைய. அதனால்தான் பீரோவை ஒழுங்குபடுத்துகிற வேலையை ஒரு புடவையின் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அது பிறந்த கதை பெங்களூரு மைசூரு சாலையில், ராமநகரத்தில் தொடங்குகிறது. அங்கேயிருக்கும் அரசு பட்டுக்கூடு சந்தையை ஆசியாவிலேயே பெரியது என்பார்கள். கூடு சந்தைக்கு வந்தபின் தாமதிக்க நேரமில்லை. உள்ளே இருக்கும் புழு பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிட்டால் நூல் அறுந்துபோகும். அந்தக் கூட்டிலிருந்து தொடர்ச்சியாக இழை எடுக்க முடியாது. வெள்ளைக் கூடு, மஞ்சள் கூடு என்று இரண்டு சாதி உண்டு. மைசூர் நாட்டுப் புழுவைக் கலந்து வளர்த்தது மஞ்சள். நல்ல வெள்ளைக் கூட்டில் ஏறக்குறைய 1,000 மீட்டர் இழை இருக்கும். ஒரே புழு வாயிலிருந்து விட்ட ஒரே இழை. ஒரு கிலோ கச்சாப் பட்டு கிடைக்க எத்தனை கிலோ கூடு வேண்டும் என்ற கணக்குக்குத் தொழிலில் ‘ரெண்டிட்டா’ என்று பெயர். நல்ல கூடு என்றால் 6, 7 கிலோ; சுமாரான கூடு என்றால் அதற்கும் மேலே.

காவிரியும் கபிலையும் சேருகிற டி. நரசிபுராவில் கர்நாடக பட்டுத் தொழில் கழகத்தின் நூற்பு ஆலை இருக்கிறது. எல்லாரும் கே.எஸ்.ஐ.சி. என்று சொல்வது இந்தக் கழகத்தைத்தான். அங்கே கூடுகளைக் கொதிநீரில் போட்டுப் பசையை இளக்கி, நுனி தேடி, பல கூடுகளின் இழைகளைச் சேர்த்து ஒரே நூலாகச் சுற்றுகிறார்கள். அந்த நூல் மைசூருக்கு, மானந்தவாடி சாலையிலுள்ள நெசவாலைக்கு வருகிறது.

நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1912இல் தொடங்கிய ஆலை அது. சுவிட்சர்லாந்திலிருந்து 32 தறிகளை வரவழைத்தார்கள். எல்லாமே விசைத்தறி. சிவசமுத்திரத்தில் 1902இல் எடுத்த நீர்மின்சாரம் 1908இல் மைசூர் நகரத்துக்கு வந்திருந்தது. அது இல்லாவிட்டால் அந்தத் தறிகள் ஓடியிருக்காது. பட்டென்றால் கைத்தறி என்றே பழகின நம்மவர்களுக்கு இது கொஞ்சம் நெருடலாம். மைசூர் பட்டு பிறப்பிலேயே இயந்திரத் துணி. அதனால் அதன் மதிப்பு ஒரு இழைகூடக் குறையாது. அந்த வழவழப்பும் விழுகிற மாதிரியும் நூலை முறுக்குவதிலிருந்தும் அதற்குப் பின்னால் செய்கிற வேலையிலிருந்தும் வருகிறது.

காஞ்சிபுரத்தில் நூலுக்குச் சாயம் ஏற்றிவிட்டுத்தான் நெய்வார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்வை போட முடிவது அதனால்தான். மைசூரில் வேலை தலைகீழ். பசை போகாத கச்சா நூலை, ஊடைக்கு மட்டும் இறுக்க முறுக்கி, ஒன்று வலம் ஒன்று இடம் என்று மாற்றி மாற்றி நெய்கிறார்கள். தறியிலிருந்து இறங்கும்போது துணி விறைப்பாக, நிறமற்று இருக்கும். பிறகு சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் செரிசின் என்ற பசை கரைந்து, எடையில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடுகிறது. பசையின் பிடி விட்டதும் முறுக்கிய நூல்கள் சுருங்க முயல, துணி முழுக்க நுண்ணிய சுருக்கம் விழுகிறது. அதுதான் கிரேப். அதன் பிறகே முழுப் புடவைக்கும் சாயம். கரையிலும் முந்தியிலும் இருக்கிற ஜரிகை இத்தனை கொதியையும் தாங்கிக்கொண்டு பளபளப்போடு வெளியே வர வேண்டும். மட்டமான ஜரிகை தாங்காது. கழகம் பயன்படுத்துகிற ஜரிகையில் 65 சதவீதம் வெள்ளி, 0.65 சதவீதம் தங்கம். இந்த இரண்டு எண்களைக் கதையின் கடைசியில் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு புடவையிலும் ஒரு குறியீட்டு எண்ணைத் தைத்து, ஹோலோகிராமும் சேர்த்து அனுப்புகிறார்கள். 1980இலிருந்து ஆலை கழகத்தின் கையில். மைசூர் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் கழகத்தின் கடைகள் திறப்பதற்கு முன்பே, விடியற்காலையிலேயே பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். அப்படி நின்று வாங்கி வந்த புடவை, அட்டைப்பெட்டியும் பில்லுமாக நேரே பீரோவுக்குள் போகிறது.

இனி பீரோவைப் பற்றி.

நம் வீட்டு இரும்பு பீரோவின் உள்ளே ஒரு ஊரே இருக்கிறது. மேல் தட்டில் தாம்பூலப் பைகளும் யாரோ வைத்துக் கொடுத்த, கட்டாத ரவிக்கைத் துண்டுகளும். நடுத் தட்டில் தினம் எடுக்கிற துணி. லாக்கருக்குக் கீழே இருக்கிற டிராயரில் கொக்கி, ஊக்கு, அறுந்த கொலுசு, பத்து வருஷத்துக்கு முந்தின கேஸ் ரசீது, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள். பட்டு எப்போதும் அடித்தட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக, மூச்சுவிட இடமில்லாமல். மைசூர் வீடுகளில் புடவைகளுக்கு நடுவே மைசூர் சாண்டல் சோப்பின் காலி அட்டையைச் செருகி வைப்பார்கள். அந்த மணத்தின் பூர்வீகமும் மானந்தவாடி சாலைதான். முதல் உலகப்போரில் ஜெர்மனிக்குச் சந்தனக்கட்டை ஏற்றுமதி நின்றபோது மைசூர் அரசு தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. அந்தச் சந்தன எண்ணெய் ஆலை இருப்பதும் அதே சாலையில். ஒரே தெருவில் பிறந்த இரண்டும் ஒரே தட்டில் வந்து சேர்கின்றன. அட்டை இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் ஜரிகையில் உரசாமல் ஓரமாக இருக்கட்டும்.

பட்டை பீரோவில் கொல்வது பெரும்பாலும் பூச்சி இல்லை, மடிப்பு. ஜரிகை உலோகம். பட்டு நூலின்மேல் சுற்றிய, தலைமுடியைவிட மெல்லிய வெள்ளித் தகடு. ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் மடிந்து, மேலே பத்துப் புடவைகளின் பாரமும் ஏறினால் தகடு முறிகிறது. முறிந்த விளிம்பு பக்கத்துப் பட்டை அறுக்கிறது. அதோடு, போன கல்யாணத்தில் கட்டிவிட்டு அப்படியே மடித்து வைத்த வியர்வையின் உப்பு. அதோடு, கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள் தேங்கிய ஈரம். மைசூரில் ஜூன் தொடங்கி மழைக்காலம் முடியும்வரை பீரோ கதவைத் திறந்தாலே அந்த ஈர வாசனை வரும். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். அதனால் முட்டைக்கோஸ் வாடை வருகிற சமையலறைப் பக்கத்துச் சுவர் பீரோவுக்கு உகந்த இடமில்லை. அந்துருண்டை நேரே துணிமேல் பட்டால் கறை விழும். துணியில் கட்டி மூலையில் தொங்கவிடலாம். வேப்பிலைச் சருகும் வசம்பும் போதும் என்கிற வீடுகளும் உண்டு.

நம் பாட்டிகள் இதற்குச் செய்தது மிகச் சரி: பழைய மல் வேட்டியை நன்றாக அலசி, கஞ்சி போடாமல் உலர்த்தி, அதில் ஒவ்வொரு பட்டையும் தனித்தனியாகச் சுற்றி வைப்பார்கள். நவராத்திரிக்குக் கொலுப்படி கட்ட பீரோவைத் திறக்கும்போது எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நிழலில் கட்டிலின் மேல் விரித்துக் காற்றாட விடுவார்கள். உள்ளே வைக்கும்போது பழைய மடிப்பில் மடிக்க மாட்டார்கள். உலகத்துப் பெரிய துணி அருங்காட்சியகங்களில் செய்வதும் இதே வேலைதான். அங்கே வேட்டிக்குப் பதிலாக அமிலமில்லாத காகிதம், மடிப்புக்குப் பதிலாக உருளை. வருஷத்துக்கு ஒரு முறை போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, ஜரிகை உள்பக்கம் போகிற மாதிரி, வேறு இடத்தில் மடித்து வைத்தால் ஒரு புடவை ஒரு தலைமுறை கூடுதலாகப் பிழைக்கும். கனத்த ஜரிகைப் புடவையை ஹேங்கரில் தொங்கவிடுவதும் தப்பு. முந்தியின் எடையே உடலை இழுத்துவிடும்.

இதையெல்லாம் செய்ய இடம் வேண்டுமே. இங்கேதான் பீரோவைக் காலி செய்கிற பேச்சு வருகிறது.

“அம்மா, இதை நீ கட்டவே மாட்டேங்கறியே, யாருக்காவது கொடுத்துடலாமா?”

“இருக்கட்டும்டீ, ஒரு ஓரமாதானே கெடக்கு.”

எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சு இங்கேயே நிற்கிறது! ஜப்பானின் மாரி கோண்டோ, ஒவ்வொரு துணியையும் கையில் எடுத்து, அது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்கச் சொன்னார். உலகமே அலமாரியைத் திறந்தது. டிராயரில் துணிகளை நிமிர்த்தி வைக்கிற அவருடைய மடிப்பு தினத்துணிக்கு மிக நல்ல வழி. சட்டையும் ரவிக்கையும் அப்படி வைத்தால் தேடாமல் எடுக்கலாம். பட்டு விஷயத்தில் அவருடைய கேள்வி எனக்குப் போதவில்லை. அம்மாவின் கூறைப்புடவை மகிழ்ச்சி தராமல் என்ன செய்யும்? அம்மா போன பிறகும் அது மகிழ்ச்சியும் துக்கமும் சேர்த்தே தரும். அதனால் நான் அந்தத் துணியின் நிலையைப் பார்க்கச் சொல்கிறேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே மடிப்புக்கோட்டைப் பிடித்தால், இற்ற இடத்தில் ஊசித்துளை மாதிரி வெளிச்சம் தெரியும். தெரியாவிட்டால் புடவைக்கு இன்னும் உயிர் இருக்கிறது; அதைக் கட்டுகிறவர் யார் என்று இன்றைக்கே முடிவு செய்து அவர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. மகளோ, மருமகளோ, அண்ணன் பெண்ணோ. அவர்கள் கட்டினால்தான் அது காற்றைப் பார்க்கும்.

கொஞ்சம் இற்றதற்கும் வழி உண்டு. ஒன்பது கஜப் புடவை என்றால் சுமார் 8.2 மீட்டர். கெடாத பகுதியில் ஐந்தரை மீட்டர் தேறினால் பேத்திக்குப் புடவை. மிச்சத்தில் கொள்ளுப்பேத்திக்கு ஒரு பாவாடை. இன்னும் சின்னத் துண்டுகள் மரப்பாச்சிக்குப் போகும். மைசூரில் தசராவுக்குப் பொம்மை வைக்கிற வீடுகளில் ராஜா ராணி ஜோடிக்கு ‘பட்டத கொம்பெ’ என்று பெயர். தாய்வீட்டுச் சீராகப் பெண்ணோடு போகிற ஜோடி அது. வருஷாவருஷம் புதிதாக உடுத்துவார்கள். அந்த உடை பெரும்பாலும் யாரோ ஒரு பாட்டியின் புடவை ஓரம்தான்.

இதற்கும் தேறாத புடவை ஜரிகைக்காரரிடம் போகிறது. ‘பழைய பட்டுப்புடவை, ஜரிகை வாங்கறது’ என்ற குரல் தெருவில் கேட்காத ஊர் குறைவு. வெள்ளி விலை ஏறினால் அந்தக் குரலும் அடிக்கடி கேட்கும். அவர் கரையையும் முந்தியையும் வெட்டி எரிக்கிறார். உள்ளே இருந்த பட்டு நூல் சாம்பலாகும், உலோகம் மிஞ்சும். வெண்காரம் போட்டு மூசையில் உருக்கினால் வெள்ளி 962 டிகிரியில் இளகுகிறது. அதை நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளி கரைந்துபோகும், தங்கம் கரையாமல் பழுப்புப் பொடியாக அடியில் தங்கும். கரைசலில் செப்புத் தகட்டை வைத்தால் வெள்ளி மறுபடி படிந்து வரும். சுத்தமான அந்த வெள்ளி கொலுசாகலாம், விளக்காகலாம், சூரத்துக்குப் போய் மறுபடி ஜரிகையுமாகலாம்.

விற்கிறவர்கள் அந்த இரண்டு எண்களை நினைவில் வைத்திருக்க வேண்டும். மைசூர் ஆலையின் ஜரிகை 100 கிராம் என்றால் 65 கிராம் வெள்ளி, அரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே தங்கம். இழப்பும் கூலியும் போக மிஞ்சுவதற்குத்தான் விலை. புடவையைக் கண்ணால் பார்த்து மொத்தமாக ஒரு தொகை சொன்னால் ஒத்துக்கொள்ளாமல், ஜரிகைப் பகுதியை மட்டும் தனியே வெட்டி நிறுத்துப் பேசுவது நல்லது. ஒரு நூலைப் பிரித்து எரித்துப் பார்க்கலாம்; பிளாஸ்டிக் வாடையோடு உருண்டையாகத் திரண்டால் அது ஜரிகையே இல்லை, அதற்கு வெள்ளிக் கணக்கும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜரிகைக்காரருக்கு வேண்டியது உலோகம் மட்டும். புடவையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் உடல் பட்டு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கரையை வெட்டிக் கொடுத்துவிட்டு உடலை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பில் இற்றது போக நடுவில் கெட்டியாக இருக்கிற கிரேப், ரவிக்கைக்கு உள்துணியாகும், தலையணை உறையாகும், குளிருக்கு மெல்லிய மேல்துண்டாகும். வடகர்நாடகத்தில் பழைய புடவைகளை அடுக்கித் தைக்கிற கௌதிப் போர்வைக்கு மேல்பக்கத் துணியாகவும் போகும். குறியீட்டு எண் தைத்த அந்தச் சின்ன ஓரத்தை மட்டும் வெட்டி, வாங்கின வருஷத்தையும் கட்டினவர் பெயரையும் எழுதிய ஒரு தாளோடு லாக்கர் டிராயரில் வைத்துவிட்டால், அதற்கு ஒரு தபால் உறை அளவு இடம்தான் தேவைப்படும்.