பனியை ஒதுக்கும் கலப்பை

மழைநீர் தானே வடிந்து ஓடிவிடும். வெண்பனியோ விழுந்த இடத்திலேயே கிடக்கும். 1888 மார்ச்சில் வீசிய பனிப்புயலில் நியூயார்க் நகரம் முடங்கியது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 400 பேருக்கு மேல் மாண்டனர். சாலையைத் திறந்து வைப்பது உயிர் காக்கும் பணி என்பதை நகரங்கள் உணர்ந்தன.

அன்றிருந்தவை குதிரைகள் இழுத்த பனிக்கலப்பைகள். மில்வாக்கி நகரில் 1862-லேயே அவை ஓடின. பெயர்தான் கலப்பை; அது உழுவதில்லை. பனியை ஓரமாக ஒதுக்கும் வளைந்த தகடு அது. பின்னர் குதிரைகளின் இடத்தை மோட்டார் லாரிகள் பிடித்தன. போர்க்கள லாரியிலிருந்து உருவான 'டாட்ஜ் பவர் வேகன்' 1946-ல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. அதன் நான்கு சக்கரங்களும் எஞ்சினால் இயங்கின.

இது ஏன் முக்கியம்? எஞ்சின் எவ்வளவு வலுவானதாயினும், சக்கரம் தரையைப் பற்றாவிட்டால் வண்டி பனியைத் தள்ளாது. பற்றும் விசையோ சக்கரத்தின் மீதுள்ள எடையைப் பொறுத்தது. பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் காலி லாரியில் பின்பக்கம் எடை குறைவு. சக்கரம் வழுக்கிச் சுழலும். நான்கும் இயங்கினால் வண்டியின் முழு எடையும் பயன்படும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிக்கப் லாரியின் முன்னே தொங்கும் கலப்பையின் எடை சுமார் 300 கிலோ இருக்கலாம். அதைத் தூக்கியதும், நெம்புகோலைப் போல முன்அச்சு அழுந்தும், பின்பக்கம் எழும்பும். ஆகவே, வண்டி வாங்குவோர் முதலில் முன்அச்சின் தாங்குதிறனைப் பார்க்க வேண்டும்; பின்அச்சுக்கும் பின்னால் மணல் மூட்டைகளை இறுகக் கட்ட வேண்டும். பனிக்கடியில் மறைந்துள்ள கல்லில் மோதினால் மடிந்து கொடுக்கும் சுருள்வில்லும் தகட்டுக்குத் தேவை.

இனி, திரைப்படத்தில் பனி ஒதுக்கும் வண்டியைக் கண்டால் முன்னால் உள்ள தகட்டை மட்டும் பார்க்காதீர்கள். பின்னால் மணல் மூட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்!