பலாலி விமான நிலையம்

தேசப்படம் ஒன்றை விரித்து, விருதுநகர் மாவட்டத்திலுள்ள எங்கள் தாயில்பட்டியின்மீது அளவுகோலை வையுங்கள். சென்னை, நேர்கோட்டில் ஏறக்குறைய 480 கிலோமீட்டர். கடலுக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணத்துப் பலாலியோ சுமார் 250 கிலோமீட்டர்தான். நம் தலைநகரைவிட அயல்நாட்டு ஊர் ஒன்று பாதித் தொலைவில் இருக்கிறது! ஆயினும் பல ஆண்டுகள் அங்கே செல்ல விரும்பியவர் கொழும்பு வரை பறந்து சென்று, மீண்டும் வடக்கு நோக்கிச் சாலையில் சுமார் 400 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருந்தது. இவ்விந்தைக்குக் காரணம் பலாலி விமான நிலையத்தின் வரலாற்றிலே இருக்கிறது.

பலாலி, வெங்காயமும் புகையிலையும் செழித்து விளையும் செம்மண் பூமி. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அங்கே ஒரு தளம் அமைத்தது. நம் பக்கத்தில் சூலூர், செட்டிநாடு, உளுந்தூர்ப்பேட்டை ஆகிய இடங்களில் ஓடுபாதைகள் எழுந்ததும் அப்போர்க் காலத்தில்தான்.

போர் முடிந்தபின் படைத்தளம் மக்களுக்குப் பயன்பட்டது. 1947 டிசம்பர் 10ஆம் நாள் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், 'சீதாதேவி' என்னும் பெயர் பூண்ட டக்கோட்டா, கொழும்பையடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. வழியிலே அது இறங்கிய இடம் இந்தப் பலாலித் தளமே. இலங்கை விடுதலை பெறுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்பே யாழ்ப்பாணம் தமிழகத்தோடு வான்வழியே இணைந்துவிட்டது.

இங்கே விஞ்ஞான மாணவர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பலாலி ஓடுபாதையின் எண்கள் 05, 23. வடதிசையிலிருந்து வலமாக அளந்தால் பாதை சுமார் 50 பாகையிலும், எதிர்ப்புறம் 230 பாகையிலும் நோக்குகிறது என்பது இதன் பொருள். அதாவது வடகிழக்கு, தென்மேற்கு. அந்நாட்டில் வீசும் இரு பருவக்காற்றுகளின் திசைகளும் இவையே. விமானம் காற்றை எதிர்கொண்டே ஏறவும் இறங்கவும் வேண்டும். குறைந்த ஓட்டத்திலேயே இறக்கைக்குத் தேவையான தூக்குவிசை அப்போது கிடைத்துவிடும்.

பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. இந்தியாவுக்கான பயணிகள் சேவை நின்றது. 1987 ஜூலை இறுதியில் இந்திய அமைதிப்படை வந்திறங்கியதும் இங்கேதான். 1990 முதல் சுற்றுவட்டாரம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. வலிகாமம் வடக்கின் மக்கள் வீடு, தோட்டம், கோயில் அனைத்தையும் விட்டு வெளியேறினர். பலாலியில் இயங்கிய ஆசிரியர் கலாசாலையும் தன் இடத்தை இழந்தது. ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு இச்செய்தி தனியாக உறுத்துகிறது. கற்பிக்கக் கற்றுக்கொடுக்கும் இடம் போனால், இழப்பு எத்தனை வகுப்பறைகளுக்கு என்று யார் எண்ணிச் சொல்வது? தரைவழி அடைபட்டிருந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தாருக்குத் தென்பகுதி செல்லக் கடலும் வானுமே கதி. அவ்வாறு 1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலருகே மறைந்தது. 55 பேர் மாண்டனர்.

போர் 2009இல் முடிந்தபோதும் சர்வதேச வாசல் திறக்கப் பத்தாண்டு ஆயிற்று. 2019 அக்டோபர் 17இல் 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' திறந்துவைக்கப்பட்டது. சர்வதேச நிலையமென்றால் ஓடுபாதை மட்டும் போதாது. கட்டுப்பாட்டுக் கோபுரம், தீயணைப்புப் பிரிவு, வானிலைத் தகவல், குடிவரவுச் சோதனை, சுங்கம் அனைத்தும் ஒருங்கே வேண்டும். நவம்பர் 11இல் அலையன்ஸ் ஏர், எழுபது பேர் அமரும் சுழல்விசிறி விமானத்தைக் கொண்டு சென்னைச் சேவையைத் தொடங்கியது. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் அது நின்று, 2022 டிசம்பர் 12இல் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோ நிறுவனம் சென்னையிலிருந்தும், 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது.

ஓடுபாதையை இன்னும் நீட்டினால் பெரிய விமானங்கள் வரும் என்பர்; உண்மையே. ஆனால் நீட்டுவதற்கு நிலம் வேண்டும். அந்நிலமோ, உழுதவர் இடம்பெயர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்த செம்மண். ஒரு பகுதி படிப்படியாக அவர்களிடம் திரும்பியிருக்கிறது. விமான நிலையம் அக்கரையையும் இக்கரையையும் சேர்க்கும் நற்பணியைச் செய்கிறது, அது ஓங்கட்டும். அதனோடு, அதன் வேலிக்கருகே நின்று தம் கிணற்றடியைத் தேடுகிறவர்க்கும் நியாயம் கிடைக்கட்டும். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப்பார்க்கப் பழகுவதே வரலாறு கற்பதன் பயன்.