புல்லட்டுக்குள் இரும்பும் அலுமினியமும்

தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரையே ஊர்ப் பெயராக வாங்கிக்கொண்ட இடம் விம்கோ நகர். அங்குள்ள மின்சார ரயில் நிலையத்துக்கும், 2021இல் வந்த மெட்ரோ நிலையத்துக்கும் அந்தப் பெயர்தான். ஆனால் இந்தத் திருவொற்றியூர் வட்டாரத்தை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது தீக்குச்சி அல்ல, புல்லட் மோட்டார் சைக்கிள்.

ராணுவத்துக்கும் போலீசுக்கும் எல்லைக் காவலுக்கு வண்டி தேவைப்பட்ட காலம் அது. 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. முதலில் திருவொற்றியூரில் நடந்தது புல்லட்டின் பாகங்களைப் பூட்டும் வேலை மட்டுமே. பிறகு அச்சுகளும் கருவிகளும் கப்பலேறி வந்தன. 1962க்குள் பாகங்கள் அனைத்தும் உள்நாட்டிலேயே தயாராகின.

அந்த என்ஜினைப் பிரித்துப் போட்டால் இரண்டு உலோகங்களும் சேர்ந்தே கிடக்கும். கிராங்க் கேஸ், கியர்பாக்ஸ் உறை, மேலே உள்ள ஹெட் எல்லாம் அலுமினிய வார்ப்பு. நடுவில் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் மட்டும் வார்ப்பிரும்பு. காரணம் தேய்மானம். பிஸ்டன் ரிங் ஓயாமல் உரசினாலும் வார்ப்பிரும்பு தாங்கும். அதிலுள்ள கிராஃபைட்டே ஓரளவு மசகாக வேலை செய்யும். வெறும் அலுமினியச் சுவர் அந்த உரசலில் சீக்கிரம் கீறிப்போகும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பிஸ்டன் அலுமினியம், சூடானால் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் இரண்டுக்கும் நடுவில் தாராளமாக இடைவெளி விட்டாக வேண்டும். புது வண்டியை வாங்கிய கையோடு விரட்டினால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். 'ரன்னிங் இன்' முடியும்வரை மெதுவாக ஓட்டு என்று மெக்கானிக்குகள் மிரட்டியது சும்மா இல்லை.

அப்படியானால் என்ஜினையே எளிதில் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வார்த்திருக்கலாமே? ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913இலேயே அந்த உலோகத்தை உருக்கிக் காட்டிவிட்டார். ஆனால் காற்றில் குளிரும் என்ஜினுக்கு அது சரிப்படாது. சூட்டைக் கடத்துவதில் அது அலுமினியக் கலவையின் பத்தில் ஒரு பங்குதான் தேறும். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகள் வழியே வெப்பம் வேகமாக வெளியேறாது. எடையும் அலுமினியத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். இரும்பு அச்சிலேயே ஊற்றி, அதே அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஸ்டெயின்லெஸ் உருக 1,400 டிகிரிக்கு மேல் போக வேண்டும். மணல் அச்சு அல்லது மெழுகு அச்சு, பெரிய உலை, வார்த்த பிறகு கடைசலுக்குக் கூடுதல் நேரம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

வடசென்னையில் ஸ்டெயின்லெஸ் வார்ப்புக்கு வேலை இருப்பது கடல்நீர் ஓடும் இடத்தில். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய, நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை போன்றவற்றில் பம்பும் வால்வும் உப்பிலேயே ஊறிக் கிடக்கும். அங்கே சாதாரண 304 ரகத்தில்கூடக் குழி விழும். மாலிப்டினம் கலந்த 316, அதற்கும் மேலான டூப்ளெக்ஸ் என்றுதான் கேட்பார்கள். அலுமினியத்தை அங்கே நினைத்தே பார்க்க முடியாது. எண்ணூர்க் காற்றில் நிற்கும் புல்லட்டின் உறையில், எஃகு போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருப்பதைப் பார்த்தாலே அது விளங்கிவிடும்.

பக்கத்திலேயே வேறொரு கணக்கும் ஓடியது. அசோக் லேலண்டுக்காக 1959இல் உருவான எண்ணூர் ஃபவுண்டரீஸ் லாரி என்ஜின் பிளாக்குகளை வார்ப்பிரும்பில் ஊற்றியது. பல டன் சுமக்கும் வண்டிக்குச் சில கிலோ இரும்பு ஒரு பாரமில்லை. விலையும் உறுதியும்தான் முக்கியம்.

மோட்டார் சைக்கிளில் அந்தச் சமாதானம் எடுபடவில்லை. மாசு விதிகள் இறுக இறுக, தாராள இடைவெளியும் எண்ணெய் குடிக்கும் பழக்கமும் பழைய என்ஜினுக்கு எதிராகத் திரும்பின. ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் துணையோடு, 1990களின் இறுதியில் முழு அலுமினிய என்ஜின் வந்தது. அதிலும் இரும்பு அடியோடு போகவில்லை. அலுமினியச் சிலிண்டருக்குள் மெல்லிய வார்ப்பிரும்பு உறையாக உட்கார்ந்துகொண்டது. 2008இல் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே உறைக்குள் அடங்கிய அடுத்த என்ஜின் வந்தது. சில ஆண்டுகளுக்குள் 'காஸ்ட் அயர்ன்' புல்லட்டின் உற்பத்தியே நின்றது. 2013இல் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டதும் உற்பத்தியின் பாரமும் தெற்கே நகர்ந்தது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த இரும்புச் சிலிண்டர்மேல் இன்றும் தனிப் பிரியம் உண்டு. தேய்ந்துபோனால் லேத் பட்டறையில் கொடுத்து போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டி, மறுபடியும் மெதுவாக ஓட்டத் தொடங்கிவிடலாம்.